மத்தியப் பள்ளத்தாக்கில் பணியேற்கும் தமிழ் மருத்துவர்களுக்கு

அன்புள்ள இளம் மருத்துவர்களே,

வணக்கம். ஜூலை மாதம் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோ, மெர்செட் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களாகச் சேரப்போகிறீர்கள். உங்களில் சிலர் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவீர்கள், சிலர் யாழ்ப்பாணத்திலிருந்து. நான் மருத்துவர் அல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதும் மருந்துச்சீட்டு கடைசியில் வந்து சேர்வது என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஹ்மோங் மக்கள். வலிப்பு நோயுள்ள குழந்தையோடு உங்கள் முன் வந்து உட்காரப்போகும் ஹ்மோங் பெற்றோரைப் பற்றி அந்த மேசைக்குப் பின்னால் நின்றவன் சொல்லக்கூடியது சில உண்டு. அதற்காகவே இந்த மடல்.

பணியில் சேரும் வாரத்தில் உங்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். ஹ்மோங் பெரியவர்களின் கண்களை உற்றுப் பார்க்காதீர்கள், குழந்தையின் தலையைத் தட்டிக்கொடுக்காதீர்கள் என்று சில ஸ்லைடுகள் ஓடும். அதில் தவறில்லை. ஆனால் விருந்தாளியாகப் போகிறவருக்குத்தான் அந்த வகுப்பு போதும். மருந்துப் புட்டி ஏன் திறக்கப்படாமலே அலமாரியில் இருந்துவிடுகிறது என்பதை அது சொல்லித்தராது.

முதலில், இவர்கள் இங்கே வந்த வழி. லாவோஸின் மலைச்சரிவுகளில் நெல்லும் சோளமும் அபினியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 1960களின் தொடக்கத்தில் சி.ஐ.ஏ. இவர்களிடமிருந்து ஒரு படையைத் திரட்டியது. ஜெனரல் வாங் பாவ் தலைமையில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அந்தப் படை போரிட்டது. அப்படியொரு போர் நடப்பதை அமெரிக்கா வெளியில் ஒப்புக்கொள்ளவில்லை. 1975 மே மாதம் லோங் செங் தளத்திலிருந்து தளபதிகளும் அவர்கள் குடும்பத்தாரும் விமானத்தில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மற்றவர்கள் காட்டு வழியே நடந்து, மெக்கோங் ஆற்றைத் தெப்பத்திலும் நீந்தியும் கடந்து, தாய்லாந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். ஆற்றிலேயே மாண்டவர்கள் பலர். பிறகுதான் கலிபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின். தாய்லாந்தின் வாட் தம் கிரபோக் என்ற புத்தர் கோயிலில் தங்கியிருந்தவர்களாக, கடைசிப் பெருங்கூட்டம் வந்து இறங்கியது 2004இல். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கையில் கோப்போடு வருகிற எவரையும் அரசாங்கத்தின் ஆளாகப் பார்க்கும் பழக்கம் அங்கே உருவாகிறது. வெள்ளை அங்கி போட்ட நீங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்வீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லா ஹ்மோங் குடும்பமும் ஒன்றல்ல. கிறித்தவர்களாகிவிட்டவர்கள் நிறைய. இங்கே பிறந்த தலைமுறையில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற சுனிசா லீ மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து ஹ்மோங் பெண். ஆகவே நான் கீழே எழுதுவதை மனப்பாடம் செய்துகொண்டு போய் நோயாளியிடம் ஒப்பிக்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வழியில் நிற்கும் வீடுகள் இன்றும் உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அந்த வீடுகளில் வலிப்பு நோய்க்கு 'கௌ டா பே' என்று பெயர். ஆவி பிடிக்க, ஆள் கீழே விழுவது. உடம்பில் குடியிருக்கும் உயிர், திடீர் அதிர்ச்சியாலோ துக்கத்தாலோ வெளியேறித் தொலைந்துபோகலாம், அல்லது ஓர் ஆவி அதைக் கவர்ந்துகொண்டு போகலாம் என்பது நம்பிக்கை. தொலைந்த உயிரை வாசலில் நின்று அழைப்பார்கள். ஊதுபத்தி, சோறு, முட்டை, கோழி எல்லாம் இருக்கும். அழைப்பு முடிந்ததும் உயிர் மறுபடி நழுவாமல் மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள். நோய் பெரிதென்றால் 'ட்ஸி நெங்' எனப்படும் ஷாமன் வருவார். கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, சேகண்டி ஒலிக்க, ஒரு மரப்பலகையில் ஏறி உட்கார்வார். அந்தப் பலகைதான் அவருடைய குதிரை. ஆவிகளின் உலகத்துக்கு அதில் ஏறிப்போய், உயிரை விடுவிக்கப் பேரம் பேசித் திரும்புவார். பன்றி பலியிடப்படுவதும் காகிதப் பணம் எரிக்கப்படுவதும் அந்தப் பேரத்தின் பகுதி. பன்றியின் உயிர் நோயாளியின் உயிருக்குக் காவலாக நிற்கும்.

நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இனிமேல்தான். ஷாமனாக யாரும் ஆசைப்பட்டு ஆவதில்லை. ஒரு நோய் வந்து படுத்தி, அதன் வழியாக ஆவிகள் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பொறுப்பு வரும். வலிப்பு அப்படிப்பட்ட நோய்களில் ஒன்று. மற்றவர் காணாததை அந்த நேரத்தில் நோயாளி காண்கிறார் என்று கொள்வார்கள். ஆகவே வலிப்பு வரும் குழந்தையைப் பற்றிப் பெற்றோருக்குக் கவலையும் இருக்கும், கூடவே ஒரு பெருமிதமும் இருக்கும். நீங்கள் 'முற்றிலும் நிறுத்திவிடலாம்' என்று உற்சாகமாகச் சொல்லும்போது எதிரே முகம் மலரவில்லையென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைக் கேட்டு உதட்டைச் சுழிக்க நமக்கு உரிமை குறைவு. இந்து திருமணச் சட்டத்தில் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, அடிக்கடி வரும் வலிப்பு ஒரு திருமணத்தை ரத்து செய்யக் காரணமாக இருந்தது. கட்டிக்கொடுக்க முடியாது என்று பெண்ணின் நோயை மறைத்து, மாத்திரையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவைக்கும் குடும்பங்களை நம் ஊர் வெளிநோயாளர் பிரிவில் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். விழுந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் கூட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். ஹ்மோங் மரபு அந்த நோயாளிக்குச் சமூகத்தில் ஓர் இடத்தையாவது கொடுக்கிறது. மருந்து கொடுத்தபின் நாம் பறிக்கக்கூடாத இடம் அது.

மெர்செட்டில் நடந்த ஒரு கதையை நீங்கள் மருத்துவக் கல்லூரியிலேயே கேட்டிருக்கக்கூடும். அமெரிக்காவில் பல கல்லூரிகளில் அது பாடம். 1982இல் அங்கே பிறந்த ஒரு ஹ்மோங் பெண்குழந்தைக்கு மூன்று மாதத்தில் முதல் வலிப்பு வந்தது. அக்காள் கதவை ஓங்கிச் சாத்திய சத்தத்தில் குழந்தையின் உயிர் பயந்து ஓடிவிட்டது என்று பெற்றோர் புரிந்துகொண்டார்கள். ஆனாலும் குழந்தையைக் கைகளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். இது முக்கியம்: அவர்கள் மருத்துவத்தை மறுத்தவர்கள் அல்ல. மருத்துவமனை போய்ச் சேரும்போது வலிப்பு நின்றிருந்தது, மொழிபெயர்க்க ஆள் இல்லை, நெஞ்சுச்சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1983 மார்ச்சில், வலிப்பு நிற்காத நிலையிலேயே குழந்தை வந்து சேர்ந்தபோதுதான் நோய் இன்னதென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நான்கரை வயதுக்குள் 17 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். மருந்துச்சீட்டு 23 முறை மாற்றப்பட்டது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மருந்தாளுநராக எனக்கு வயிறு கலங்கும். எழுதப் படிக்கத் தெரியாத, ஆங்கிலமும் தெரியாத தாய் தந்தை. ஃபீனோபார்பிட்டால், ஃபெனிடாயின், கார்பமாசெபின் என்று வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, ஒரு நேரம். குழந்தையின் எடை கூடக்கூட அந்த அளவும் மாறும். ஃபெனிடாயின் திரவ மருந்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். புட்டியை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேலே இருப்பது நீர்த்திருக்கும், அடியில் இருப்பது செறிந்திருக்கும். முதல் வாரம் மருந்து போதாமல் போகும், கடைசி வாரம் நஞ்சாகும். அளவைச் சிறிது கூட்டினாலே இரத்தத்தில் அதன் அளவு தாறுமாறாக ஏறும் மருந்து வேறு. படித்த பெற்றோரே தடுமாறும் இடம் இது.

மருந்து சரியாகக் கொடுக்கப்படவில்லை என்று இரத்தப் பரிசோதனைகள் காட்டின. மருத்துவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், அந்தக் குழந்தைமேல் அக்கறை உள்ளவர்கள். சட்டப்படி குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதினார்கள். 1985இல் குழந்தை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டாள். அங்கே மருந்து தவறாமல் கொடுக்கப்பட்டது. வலிப்பு நிற்கவில்லை. அவளுக்கு இருந்தது லென்னாக்ஸ்-கஸ்டோ என்ற, எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத வகை என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1986இல் வீடு திரும்பியபோது பல மருந்துகளுக்குப் பதிலாக வால்ப்ராயிக் அமிலம் ஒன்றே எழுதப்பட்டது. அந்த ஒரே மருந்தைப் பெற்றோர் ஒழுங்காகக் கொடுத்தார்கள்!

இங்கேதான் நான் உங்களிடம் நின்று பேச விரும்புகிறேன். அந்தச் சீட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த மருந்துக்கும் கல்லீரல், இரத்தத் தட்டணுக்கள் என்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. ஒரு வீட்டால் செய்ய முடியாத மிகச் சிறந்த சிகிச்சையைவிட, அந்த வீட்டால் செய்ய முடிந்த இரண்டாந்தரச் சிகிச்சை மேல். பாடநூல் சொல்லும் முதல் மருந்தை எழுதுவது உங்கள் கடமையின் பாதிதான். அது எத்தனை வேளை, யார் ஊற்றுவார்கள், அவர்கள் எந்த ஷிஃப்டில் வேலைக்குப் போகிறார்கள், பாட்டி அதை ஏற்பாரா என்பதும் அதே சீட்டின் பகுதி.

1986 நவம்பரில் அந்தக் குழந்தைக்குக் கடும் வலிப்பு வந்தது. ஃப்ரெஸ்னோவுக்குக் கொண்டுபோனார்கள். சூடோமோனாஸ் கிருமி இரத்தத்தில் பரவி, மூளையின் பெரும்பகுதி செயலிழந்தது. இறந்துவிடுவாள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் குளிப்பாட்டி, உணவூட்டி, மடியில் வைத்து வளர்த்தார்கள். 2012 ஆகஸ்டில், 30 வயதில்தான் இறந்தாள். பெற்றோருக்கு இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று ஒரு காலத்தில் கோப்பில் எழுதப்பட்டிருந்தது.

மருந்தகத்தில் நாங்கள் பார்ப்பது தேதிகளை. 30 நாள் மருந்து வாங்கியவர் 70ஆம் நாள் திரும்பி வருவார். மருத்துவரை அழைத்துச் சொன்னால், 'சொன்னதைக் கேட்காத குடும்பம்' என்று பதில் வரும். ஆனால் 'கொடுக்கவில்லை' என்பதற்குள் வேறுவேறு சங்கதிகள் இருக்கின்றன. லேபிளைப் படிக்கத் தெரியாமல் தவறாகக் கொடுத்தவர் ஒருவர். அவருக்குச் சூரியன், சந்திரன் படம் ஒட்டிக் கொடுத்தால் உதவும்; பீச்சாங்குழாயில் அளவுக்கோட்டை வண்ண நாடாவால் குறித்துக் கொடுத்தால் இன்னும் உதவும். இன்னொருவர் நன்றாகப் புரிந்துகொண்டே நிறுத்தியவர். ஃபீனோபார்பிட்டால் கொடுத்தால் குழந்தை வெறிபிடித்ததுபோல் ஓடுகிறது என்பதை அவர் தன் கண்ணால் பார்த்திருப்பார். அது உண்மையும்கூட, குழந்தைகளிடம் நாமறிந்த பக்கவிளைவுதான். அவருக்குச் சூரியன் சந்திரனால் ஒரு பயனும் இல்லை. அவர் கண்டதை ஒப்புக்கொண்டு மருந்தை மாற்றவேண்டும். அந்த மருந்தைச் சட்டென நிறுத்தினாலே வலிப்பு பாயும் என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாமவர், சடங்கு முடியும்வரை மருந்து குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைப்பவர். அவரிடம் சடங்கு என்றைக்கு என்று கேட்டாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். இந்த மூவரையும் ஒரே வார்த்தையில் கோப்பில் அடைப்பது சோம்பேறித்தனம்.

தலையாட்டலை நம்பாதீர்கள். ஹ்மோங் பெரியவர் ஒருவர் நீங்கள் பேசும்போது தொடர்ந்து தலையசைத்தால், உங்களை மதிக்கிறார் என்று பொருள். ஒப்புக்கொண்டார் என்று பொருள் இல்லை. முடிவு எடுப்பவர் அறையில் இல்லாமலும் இருக்கலாம். வம்சப் பெரியவரைக் கேட்காமல் அறுவைசிகிச்சைக்குக் கையெழுத்துப் போடாத வீடுகள் உண்டு. அவசரமில்லாதபோது, 'வேறு யாரோடு பேசவேண்டும்?' என்று கேட்டு ஒரு நாள் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் தம்பியின் மூளையைப் பற்றித் தாய்க்குச் சொல்லும் வேலை ஒரு குழந்தைக்கு ஆகாது. அவசரநிலை தவிர மற்ற நேரங்களில் கூட்டாட்சி விதிகளும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இரத்தம் எடுப்பதில் தகராறு வரும். எடுத்த இரத்தம் திரும்ப ஊறாது என்று பல முதியவர்கள் நம்புகிறார்கள். அதற்காக எடுக்காமல் விட முடியாத நேரமும் உண்டு. கார்பமாசெபின் தொடங்கும் முன், ஆசிய வழிவந்த நோயாளிகளுக்கு எச்.எல்.ஏ.-பி 1502 மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரித்தது. அந்த மரபணு உள்ளவருக்குத் தோல் உரிந்து உயிரையே பறிக்கும் எதிர்விளைவு வரலாம். இதைக் குடும்பத்திடம் அப்படியே சொல்லுங்கள்: இந்த மருந்து உங்கள் பிள்ளைக்கு ஆகுமா என்று பார்க்க இவ்வளவு இரத்தம் போதும் என்று குழாயைக் காட்டுங்கள். காரணம் இல்லாமல் தினமும் காலையில் வழக்கத்துக்காக எடுக்கும் இரத்தத்தை நிறுத்துங்கள். அது எந்த நோயாளிக்கும் நல்லதுதான்.

மணிக்கட்டு நூலை வெட்டாதீர்கள். சலைன் ஊசி குத்த இடம் வேண்டுமென்றால் மறு கையைப் பாருங்கள். உங்கள் வார்டில் தாயத்தோடு வந்த குழந்தையின் தாயத்தை நீங்கள் கழற்றி எறிந்ததில்லை; இங்கும் அதே விவேகம் போதும். முதுகிலும் நெஞ்சிலும் வட்டமான அல்லது நீளமான சிவந்த தடங்களைக் கண்டால் உடனே அடித்த காயம் என்று எழுதிவிடாதீர்கள். காய்ச்சலுக்குக் கரண்டியாலோ நாணயத்தாலோ தேய்த்த தடமாக இருக்கலாம், குவளை வைத்து இழுத்ததாக இருக்கலாம். மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் ஸ்கேன், முதுகுத்தண்டில் நீர் எடுப்பது இரண்டும் பெரிய அச்சம் தருபவை. மயங்கிக் கிடக்கும்போது உயிர் அலைந்து வழி தவறிவிடும் என்பார்கள். கண் விழிக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் நின்று பெயர் சொல்லி அழைக்க விடுங்கள்.

இறந்த உடலைத் திறப்பது பற்றி ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். 1987 டிசம்பரில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 23 வயது ஹ்மோங் இளைஞர் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்தது. நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் இறந்துபோனார். குடும்பத்தைக் கேட்காமல் உடற்கூறு ஆய்வு நடந்தது. சிதைக்கப்பட்ட உடலின் உயிருக்கு விடுதலை இல்லை, அது திரும்ப வந்து குடும்பத்தில் இன்னொருவரைக் கொண்டுபோகும் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த நீதிமன்றத்தில் இருந்த ஹ்மோங் மக்கள் அழுததை நீதிபதி ரேமண்ட் பெட்டின் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்தார். 1990 ஜனவரியில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். சில மாதங்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பூர்வகுடிச் சடங்கில் பயன்படும் பெயோட்டி என்ற போதைக் கள்ளி பற்றிய ஓரிகன் வழக்கில், எல்லாருக்கும் பொதுவான சட்டத்துக்கு மதம் விலக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெட்டின் தன் தீர்ப்பை ஆழ்ந்த வருத்தத்தோடு திரும்பப் பெற்றுக்கொண்டார். சில மரணங்களில் உடலைத் திறக்கச் சட்டம் மரண விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆய்வுக்கு முன் குடும்பத்தோடு பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இணங்கி வேலை செய்ய முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 1985இல் தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் நாய்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட அழைத்தபோது யாரும் நாயைக் கொண்டுவரவில்லை. ட்வைட் கான்கர்குட் என்ற நிகழ்த்துக்கலை ஆய்வாளர், புலி, பன்றி, கோழி வேடமிட்ட ஊர்வலம் ஒன்றை நடத்தினார். குறி சொல்லும் ஆற்றல் உண்டென மக்கள் நம்பும் கோழியின் வாயால் வெறிநோய் விளக்கப்பட்டது. மறுநாள் நாய்கள் வந்து குவிந்தன. முகாமின் சுகாதார ஊழியர்கள் மக்களிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்கியதே பெரிய சிக்கல் என்பது அவருடைய முடிவு. 2009இல் மெர்செட்டின் மெர்சி மருத்துவ மையம் ஷாமன்களை முறைப்படி உள்ளே அனுமதித்தது. உயிர் அழைப்பு, மெல்லிய குரலில் ஓதுவது உட்பட ஒன்பது சடங்குகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. பன்றிப் பலி வீட்டில். ஷாமன்களுக்கும் மருத்துவமனையின் வேலைமுறை பற்றி வகுப்பு நடந்தது. நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, பண்பாட்டுக்கு மதிப்புக் கொடுக்கிறேன் என்று வலிப்பை விட்டுவைத்தால் அதுவும் குற்றம்தான். கட்டுப்படாத வலிப்பு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லக்கூடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு தானாக நிற்காமல் நீடித்து மூளையைப் பொசுக்கக்கூடும். இதில் பேரம் கிடையாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். மூக்கில் அடிக்கும் மிடாசோலமோ ஆசனவாயில் செலுத்தும் டயசிபாம் ஜெல்லோ, குழந்தையின் வயதுக்கு ஏற்றதை எழுதி, செய்துகாட்டி, அவர்களையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஷாமனையும் அழைத்துக் கற்றுக்கொடுங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் 911 என்பது அவருக்கும் தெரிந்தால் அந்தக் குழந்தைக்கு இன்னொரு காவல்.

முதல் சந்திப்பில், இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள், இதற்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஹார்வர்டின் ஆர்தர் கிளைன்மன் 1970களிலேயே இத்தகைய கேள்விகளை வகுத்துக் கொடுத்துவிட்டார். மின்கோப்பில் இவற்றுக்கு ஒரு கட்டம் இல்லை என்றால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்.

பிறகு மருந்தகத்திலிருந்து அழைப்பு வரும். முப்பது நாள் மருந்தை எழுபது நாள் ஓட்டியிருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொல்வார். 'சரி, குறித்துக்கொள்கிறேன்' என்று வைத்துவிடாதீர்கள். அன்று மாலைக்குள் மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் சேர்த்து, மருந்தாளுநரையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டோடு பேசுங்கள். அதற்கான நேரத்தை உங்கள் துறைத்தலைவரிடம் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டாம் மாதத்தில் கேட்க உங்களுக்கே நேரம் இருக்காது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்